வராத பதிலைச் சுழியம் என்று எழுதாதீர்கள்

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோட்.ஜேஎஸ் நிரலில், ஒன்றையொன்று சார்ந்த சேவை அழைப்புகளை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். அது நடந்திராவிட்டால் இந்தத் தலைப்பில் சொல்வதற்கு என்னிடம் அதிகம் இருந்திருக்காது.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மூன்று சிறு சேவைகளை எழுதி, மூன்று பழைய கணினிகளில் ஓடவிட்டிருந்தேன். ஒன்று வகுப்பின் பெயர்ப்பட்டியலைத் தரும். இரண்டாவது வருகை நாள்களைத் தரும். மூன்றாவது மதிப்பெண்களைத் தரும். நான்காவது கணினியில் உள்ள நோட்.ஜேஎஸ் நிரல் இம்மூன்றையும் எச்டிடிபி வழியாகக் கேட்டு, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தகவல் தாள் தயாரிக்கும். வருகை குறைந்தவர்களின் பட்டியலையும் அதுவே எடுத்துக் கொடுக்கும்.

வகுப்பில் 42 பேர். ஒருவருக்கு இரண்டு அழைப்புகள் வீதம் 84. ஓர் அழைப்புக்கு ஏறக்குறைய 300 மில்லிவிநாடி. ஒவ்வொன்றுக்கும் அவெய்ட் போட்டு வரிசையாகக் கேட்டதால் மொத்தம் 25 விநாடி பிடித்தது. மெதுவாக வந்தாலும் பட்டியல் சரியாக வந்தது. எனக்கு அது போதவில்லை. 84 அழைப்புகளையும் பிராமிஸ்.ஆல் என்பதற்குள் போட்டு ஒரே நேரத்தில் அனுப்பினேன். இரண்டு விநாடிக்குள் பட்டியல் வந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள்.

அந்தப் பட்டியலில் பத்துப் பெயர்கள் இருந்தன. வழக்கமாக நான்குதான் இருக்கும். நான் சரிபார்க்கவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர்களைப் படித்து, பெற்றோரை அழைத்துவரச் சொன்னேன். மறுநாள் ஒரு தந்தை கட்டட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். "டீச்சர், என் பொண்ணு ஒருநாள்கூட லீவு போட்டதில்லையே" என்றார். என் கையிலிருந்த தாளில் அந்தப் பெண்ணின் வருகை நாள்கள் 0. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் உண்மை. அன்றைய கூலி அவருக்குப் போயிற்று. முந்தைய நாள் முழுப் பள்ளிக்கும் முன்னால் அவர் மகள் தலைகுனிந்து நின்றிருந்தாள்.

என்ன நடந்தது? கூடுதலாக வந்த ஆறு பேரும் பெயர்ப்பட்டியலின் கடைசி ஆறு பேர். அதுதான் துப்புக் கொடுத்தது. ஒரே நேரத்தில் 36 கோரிக்கைகளுக்கு மேல் வந்தால் மற்றவற்றுக்கு 503, அதாவது "இப்போது இயலாது" என்று பதில் அனுப்பும்படி வருகைச் சேவையை எழுதியிருந்தவள் நானே. 42 கோரிக்கைகள் ஒன்றாகப் போயின. ஆறுக்கு 503 வந்தது.

அப்படியானால் நிரல் பிழை காட்டி நின்றிருக்க வேண்டாமா? நிற்கவில்லை. இங்கேதான் நம்மில் பலர் ஏமாறும் இடம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச், 404 வந்தாலும் 503 வந்தாலும் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. சர்வரை எட்டவே முடியாதது போன்ற நேரங்களில்தான் கேட்ச் பகுதிக்குப் போகும். எந்தப் பதிலாவது வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அது நினைக்கும். அந்தப் பதிலின் 'ஓகே' என்ற பண்பைப் பார்த்து, நல்ல பதிலா என்று சோதிப்பது நம் பொறுப்பு. நான் சோதிக்கவில்லை. வந்த பிழைச் செய்தியில் 'நாள்கள்' என்ற புலம் இல்லை; ஆகவே மதிப்பு அன்டிஃபைன்ட். அதற்கும் முன்னெச்சரிக்கையாக, "மதிப்பு இல்லையென்றால் 0" என்று இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டு எழுதி வைத்திருந்தேன். அந்த முன்னெச்சரிக்கைதான் ஒரு குழந்தையை வராதவளாக ஆக்கியது.

நண்பர்களே, நாம் வருகைப் பதிவேடு எழுதுகிறவர்கள். ஒரு கட்டம் வெற்றாக இருந்தால் அதற்கு என்ன பொருள்? அன்று யாரும் பதிவு செய்யவில்லை என்று பொருள். 'வரவில்லை' என்பதற்குத் தனிக் குறி இருக்கிறது. வெற்றுக் கட்டத்தை வரவில்லை என்று நாம் ஒருநாளும் எண்ணமாட்டோம். பேனாவால் எழுதும்போது தெரிந்த இந்த வேறுபாட்டை, நிரல் எழுதும்போது நான் மறந்துவிட்டேன்.

அதன்பிறகு, பல சேவைகளைக் கேட்கும் எந்த நிரலையும் தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகே தொடங்குகிறேன்.

முதல் கேள்வி: எது எதைச் சார்ந்தது?

மாற்றுச் சான்றிதழ் தருவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சேர்க்கைப் பதிவேட்டில் மாணவரின் எண்ணைப் பார்க்கிறோம். எண் தெரிந்த பிறகு, நூலகத்தில் பாக்கி உண்டா என்று கேட்க ஒருவரையும், ஆய்வகத்தில் கேட்க இன்னொருவரையும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். இருவரும் திரும்பிய பிறகே தலைமை ஆசிரியரின் கையொப்பம். மூன்று படிகள்; நடுப்படியில் மட்டும் இரண்டு வேலைகள் இணையாக நடக்கின்றன.

நிரலிலும் அப்படியே. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் அவெய்ட். ஒரே படியில் உள்ள, ஒன்றையொன்று சாராத அழைப்புகளுக்குப் பிராமிஸ்.ஆல். மாணவர் எண் கிடைக்காமல் வருகையைக் கேட்க முடியாது. ஆனால் வருகைக்காக மதிப்பெண் காத்திருக்கத் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டில் பிராமிஸ் 2015 பதிப்பிலும், அவெய்ட் 2017 பதிப்பிலும் வந்தன. அதற்குமுன் ஒன்றுக்குள் ஒன்றாகக் கால்பேக் எழுதிச் சிரமப்பட்டோம். இன்று எழுதுவது எளிது. எது எதைச் சார்ந்தது என்று முடிவு செய்யும் வேலை மட்டும் அன்றும் இன்றும் நம்முடையதே. இன்னொன்று: ஃபார்ஈச் என்பதற்குள் அவெய்ட் போட்டால் அந்தச் சுற்று காத்திருக்காது, அடுத்த வரி முன்பே ஓடிவிடும். வரிசையாகக் காத்திருக்க வேண்டுமானால் ஃபார்-ஆஃப் சுற்றைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது கேள்வி: எதிரில் இருப்பவரால் எவ்வளவு தாங்க முடியும்?

இணையாக அனுப்பலாம் என்பதற்காக 84 அழைப்புகளையும் ஒன்றாக அனுப்பக் கூடாது. ஆறு ஆறாக அனுப்பினால் 14 சுற்றுகள். 4 விநாடிக்குச் சற்று மேல். அது 25 விநாடியும் இல்லை, விபத்தும் இல்லை. இதைவிட நல்லது, வகுப்பு முழுவதற்கும் ஒரே அழைப்பில் பதில் தரும்படி சேவையை மாற்றுவது. இப்போது எங்கள் நிரலில் மூன்றே அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றும் வரம்பு வையுங்கள், அதற்கு அபார்ட்சிக்னல்.டைம்அவுட் இருக்கிறது. வரம்பு இல்லாவிட்டால் ஒரு சேவை உறங்கினால் மொத்த நிரலும் அதனோடு உறங்கும்.

மூன்றாவது கேள்வி: இந்தப் பதில் வராவிட்டால் என்ன செய்வது?

இதை ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பெயர்ப்பட்டியல் வராவிட்டால் மேலே செல்ல வழியில்லை, நிறுத்திவிட வேண்டும். மதிப்பெண் வராவிட்டால் தாளில் "கிடைக்கவில்லை" என்று அச்சிட்டு மற்றவற்றைத் தரலாம். வருகை வராவிட்டால் தாளைத் தரலாம். வருகை குறைந்தோர் பட்டியலை மட்டும் எடுக்கக் கூடாது. பிராமிஸ்.ஆல் ஒன்று தோற்றதுமே மொத்தமும் தோல்வி என்று சொல்லிவிடும். ஆனால் அனுப்பிய மற்ற அழைப்புகளை அது நிறுத்தாது. ஒவ்வொன்றின் நிலையையும் தனித்தனியே அறிய, 2020 பதிப்பில் வந்த பிராமிஸ்.ஆல்செட்டில்ட் உதவும்.

மீண்டும் கேட்கலாமா என்பதும் இதில் அடங்கும். 503 வந்தால் 1 விநாடி, பிறகு 2, பிறகு 4 என்று இடைவெளி விட்டுக் கேட்கலாம். 404 வந்தால் திரும்பக் கேட்டுப் பயனில்லை. 401 வந்தால் நம் அனுமதி டோக்கன் செல்லவில்லை. அந்த அழைப்பையே திரும்பச் செய்யாமல், முதல் படிக்குப் போய்ப் புதிய டோக்கன் வாங்க வேண்டும். தகவலைப் படிக்க மட்டும் செய்யும் கெட் அழைப்பைத் திரும்ப அனுப்பினால் கேடில்லை. பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் போஸ்ட் அழைப்பு அப்படியன்று. பதில் வரவில்லை என்றால் செய்தி போகவில்லை என்று ஆகாது. போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தவறியிருக்கலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் திரும்பச் செய்யாதபடி சேவையை எழுதினால்தான் துணிந்து மறுபடி அனுப்பலாம்.

இதை வகுப்பில் கணினி இல்லாமலே நடத்தலாம். மூன்று மாணவர்களிடம் மூன்று பதிவேடுகளைக் கொடுங்கள். நான்காவது மாணவர் கேட்டுக் கேட்டுத் தாளை நிரப்பட்டும். ஒருவரிடம் மட்டும், "நீ பதில் சொல்லாதே" என்று காதில் சொல்லிவிடுங்கள். தாளில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்று பாருங்கள். எங்கள் வகுப்பில் முதல்முறை 0 என்றுதான் எழுதினார்கள். "அந்தப் பெயர் உன் பெயராக இருந்தால்?" என்று கேட்டேன். அழித்துவிட்டு, "தெரியவில்லை" என்று எழுதினார்கள். நிரலில் அதற்கு நல் என்ற மதிப்பு இருக்கிறது.

அந்த ஆறு பேரின் பெயர்களையும் அதே வழிபாட்டுக் கூட்டத்தில் மறுபடி படித்தேன். தவறு நிரலுடையது என்று சொல்லவில்லை. அதை எழுதிய என்னுடையது என்று சொல்லி வருத்தம் தெரிவித்தேன். தந்தையிடமும் நேரில் சொன்னேன். அவருடைய ஒருநாள் கூலியை என்னால் திருப்பித்தர முடியவில்லை. இன்று எங்கள் நிரல் பட்டியலை எடுக்கும் முன், "42 பேரில் எத்தனை பேருக்கு வருகை கிடைத்தது" என்ற வரியை முதலில் அச்சிடுகிறது. 42க்கு 42 என்று வந்தால்தான் நான் பெயர்களைப் படிக்கிறேன்.