பிரிண்ட்ல தப்பா, பல்புல தப்பா?

இன்னைக்கு போட்டோ பிரிண்ட்டை எந்த வெளிச்சத்துல பார்க்கணும்னு பேசுவோம்.

அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாண போட்டோவைப் பெருசா பிரிண்ட் போடுறீங்கன்னு வெச்சுக்குவோம். ராத்திரி வீட்டு லைட்டுல பார்த்தா அம்மா முகம் வெளிறித் தெரியுது. ஃபைல்ல சிவப்பை ஏத்தி, மறுபடி பிரிண்ட். காலையில ஜன்னலோரம் பார்த்தா முகம் செங்கல் கலர்! முதல் பிரிண்ட் சரியாத்தான் இருந்திருக்கும். பக் இருந்தது பல்புல.

அதனால ஃபைலைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் செக் பண்ணுங்க.

முதல்ல, வெளிச்சத்தோட நிறம். 2700 கெல்வின் பல்பு மஞ்சளடிக்கும், 6500 நீலமடிக்கும். பிரிண்ட் பார்க்குறதுக்கான ஐஎஸ்ஓ 3664 தரம் சொல்றது டி50, அதாவது சுமார் 5000 கெல்வின்.

ரெண்டாவது, சிஆர்ஐ. கெல்வின் சரியா இருந்தா மட்டும் போதாது. சிஆர்ஐ-ங்கிறது எட்டு வெளிர் நிறங்களோட சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்குலயே வராது; அதுக்கு ஆர்9-னு தனி எண். சிஆர்ஐ 80 போட்ட எல்இடியில ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். நம்ம தோல் நிறம், குங்குமம், அரக்குப் பட்டு எல்லாம் அடிவாங்குறது இங்கதான். அதனால சிஆர்ஐ 95-க்கு மேல, ஆர்9 எவ்வளவுன்னும் வெளிப்படையா போட்டிருக்குற பல்பா வாங்குங்க.

மூணாவது, அளவு. ரெண்டு பிரிண்ட்டைப் பக்கத்துல வெச்சு நுணுக்கமா ஒப்பிட அந்தத் தரம் கேட்குறது 2000 லக்ஸ். சாதாரணமா பார்க்குறப்போ டோன் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க 500 லக்ஸ். பளீர் வெளிச்சத்துல மட்டும் பார்த்து ஓகே பண்ணினா, வீட்டு ஹால்ல மாட்டினதும் தலைமுடியும் கறுப்புக் கோட்டும் ஒரே இருட்டா அப்பிக்கும்.

பட்ஜெட் இல்லையா? பகல்ல, நேரடி வெயில் படாத ஜன்னலோரம் போதும். ஆனா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு பார்த்து ஒப்பிடாதீங்க, வெளிச்சமே மாறிடும். பச்சைச் சுவர் பக்கத்துல இருந்தா அதுவும் பிரிண்ட் மேல சாயம் பூசும். கீழே ஒரு சாம்பல் நிற அட்டை போட்டுக்கோங்க.

கடைசியா, பிரிண்ட் எங்கே மாட்டப் போறீங்களோ அங்கே ஒரு தடவை வெச்சுப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே குறை தெரிஞ்சா மட்டும் ஃபைலைத் திறங்க. அடுத்த எபிசோட்ல பேப்பர் பத்திப் பேசுவோம். பை!