இரண்டு சிறு கிளிகள்



காலையில் லயன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னையிலிருந்து 'ட்ஸீ' என்று கூர்மையாக ஒரு குரல் கேட்கும். அண்ணாந்து பார்ப்பதற்குள் பச்சையாய் ஏதோ பறந்துவிடும். "கிளி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். எந்தக் கிளி என்று கேட்பதில்லை. நம் தீபகற்ப மலேசியாவில் குட்டை வாலுள்ள சிறு கிளிகள் இரண்டு வகை உண்டு.

ஒன்றை மலாய்க்காரர்கள் செரிண்டிட் என்பார்கள். சுமார் 12 செண்டிமீட்டர்தான், சிட்டுக்குருவியைவிடச் சிறியது. அலகு கறுப்பு. ஆணுக்கு உச்சந்தலையில் நீலப் பொட்டு, தொண்டையில் சிவப்பு. பெண்ணுக்குத் தொண்டைச் சிவப்பு இல்லை. இது உறங்குவதைப் பார்க்க வேண்டும்! வௌவாலைப் போலக் கிளையில் தலைகீழாகத் தொங்கும். கூட்டுக்கு வேண்டிய இலைத் துண்டுகளைப் பெண்கிளி நறுக்கி, முதுகின் பின்பக்கத்து இறகுகளுக்குள் செருகிக்கொண்டு மரப்பொந்துக்குப் பறக்கும். நம் பெண்கள் மடியில் முடிந்து கொண்டுவருவது போலத்தான்.

மற்றதை நீலமுதுகுக் கிளி என்போம். நீளம் சுமார் 18 செண்டிமீட்டர். ஆணின் தலை சாம்பல் கலந்த நீலம், மேலலகு சிவப்பு. பெண்ணின் தலையோ பழுப்பு. வேறு ஏதோ பறவை என்று ஏமாந்துவிடுவோம். பறக்கும்போது இறக்கையின் அடியைப் பார்த்தால் போதும். சிவப்புத் தெரிந்தால் இது. நீலம் தெரிந்தால் செரிண்டிட்.

பிழைக்கும் வழியிலும் இவை வேறுபடும். பூந்தேனும் பழமும் கிடைத்தால் செரிண்டிட் தோட்டத்து ஓரத்திலும் காலம் தள்ளிவிடும். நீலமுதுகுக் கிளி செம்பனைப் பழம் தின்ன நம் பக்கம் வந்தாலும், அதற்குத் தாழ்நிலக் காடு வேண்டும். அந்தக் காடு குறையக் குறைய இதுவும் குறைந்துவருகிறது.

செரிண்டிட்டுக்குக் கூண்டுதான் ஆபத்து. பலாப்பிசின் தடவிப் பிடித்து விற்பவர்கள் உண்டு. தேன் குடித்த பறவைக்கு அரிசியைப் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? இத்தகைய பறவைகளை உரிமமின்றி வைத்திருப்பது 2010ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

இரண்டுமே பொந்தில்தான் முட்டையிடுகின்றன. வீட்டுப் பக்கம் பட்ட மரம் ஒன்று நின்றால், விறகுக்கு வெட்டுமுன் நாலைந்து நாள் காலையில் அதைக் கவனித்துப் பார்ப்போம். பொந்துக்குள் குஞ்சு இருக்கலாம்.