ரமளான் கண்ட இரு வெற்றிகள்



ரமளான் என்றதும் நோன்பும் தராவீஹும் நினைவுக்கு வருகின்றன. இஸ்லாமிய வரலாற்றின் இரு பெரும் வெற்றிகளையும் இம்மாதமே கண்டது. ஹிஜ்ரி 2, ரமளான் 17-ல் (கி.பி. 624) பத்ருக் களத்தில் ஏறத்தாழ 313 பேர், சுமார் 1000 பேர் கொண்ட குறைஷிப் படையை வென்றனர். ஹிஜ்ரி 8, ரமளானில் (கி.பி. 630) அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பத்தாயிரம் தோழர்களுடன் மக்காவினுள் நுழைந்தார்கள்.

வதைத்துத் துரத்திய ஊர் அது. ஆயினும், உஹதில் எதிர்ப்படையை நடத்திய அபூசுஃப்யானின் இல்லத்தில் நுழைந்தோருக்கும், தம் வீட்டுக் கதவை அடைத்துக் கொண்டோருக்கும் அபயம் என அறிவிக்கப்பட்டது. மிகச் சிலரைத் தவிர அனைவரும் மன்னிக்கப்பட்டனர். பத்ரில் பகைவர் தோற்றனர். மக்காவில் பகையே தோற்றது.

அன்பர்களே! பாகப்பிரிவினைச் சண்டையால் உடன்பிறந்தோருடன் ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்போர் நம் மஹல்லாவிலும் உண்டு. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வாசலில் முகம் திருப்பிச் செல்கின்றனர். பசித்திருப்பது எளிது, மன்னிப்பதே கடினம். அவருக்குரிய பங்கு உங்களிடம் இருப்பின் திருப்பிக் கொடுங்கள். பெருநாள் பிறைக்குக் காத்திராமல், இன்றே சென்று ஸலாமை முந்திச் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.