மழைக்கு முன்னாடியே மரத்தைப் பாருங்க

சிப்காட்ல வேலை பார்க்கிறவங்க, கும்மிடிப்பூண்டி சுத்துப்பட்டு ஊர்க்காரங்கன்னு கலந்து வந்திருக்கீங்க. வயசான, விழக்கூடிய மரங்களைப் பத்திக் கொஞ்சம் பேசலாம்.

குளிர் நாடுகளில் கோல்ஃப் மைதானங்களில் இப்படிப்பட்ட மரங்களைக் குளிர்காலத்தில்தான் அகற்றுவார்கள். இலை உதிர்ந்திருப்பதால் கிளையில் எங்கே பழுது என்று தெரியும். தரை உறைந்து கெட்டியாக இருக்கும். வண்டி ஏறினாலும் புல் அவ்வளவாகக் கெடாது. நம்ம ஊர்ல கணக்கு தலைகீழ். நமக்குக் குளிர் தொடங்குற நேரத்துலதான் வடகிழக்குப் பருவமழை. மண் ஊறி வேரோட பிடி தளரும், அப்போ பார்த்துப் புயலும் வரும். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்தது. மிக்ஜாம் புயல் மழை கொட்டியது 2023 டிசம்பரில். அதனால நம்ம வேலை செப்டம்பருக்குள்ள முடியணும்.

வர்தாவில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மோகர், தூங்குமூஞ்சி மாதிரி வெளியிலிருந்து வந்த மரங்கள்தான் புயலுக்குத் தாங்காதுன்னு பொதுவா சொல்வாங்க. அதுல உண்மை இருக்கு. ஆனா வேப்பமரமாவே இருக்கட்டும், ஒரு பக்கம் வடிகால், மறுபக்கம் கேபிள் குழின்னு வேரை அறுத்துட்டா அது எதைப் பிடிச்சு நிக்கும்?

பொந்து இருக்கிற மரம் எல்லாமே ஆபத்துன்னு நினைக்காதீங்க. மரத்துக்கு உயிர் வெளி வளையத்தில்தான். நடுவில் இருப்பது செத்த கட்டை. சுற்றுச்சுவர் தடிமனாக இருந்தால் பொந்தோடும் பல வருஷம் நிற்கும். கவனிக்க வேண்டியது வேற. நேரா நின்ன மரம் புதுசா சாய்ஞ்சிருக்கா? சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடிச்சிருக்கா? அடிமரத்தில் காளான் முளைச்சிருக்கா? கவட்டையில் விரிசல் இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் தகவல் சொல்லுங்க. கம்பியில் படுதுன்னு ஒரு பக்கக் கிளையை மட்டும் வருஷா வருஷம் வெட்டின மரத்தையும் பார்த்துக்கோங்க. பாரமெல்லாம் மறுபக்கம் போயிருக்கும். ஷிப்ட் பஸ்ஸுக்கு அது கீழேதான் நிப்போம்.

யார்கிட்ட சொல்றதுன்னுதான் குழப்பம். சாலையோரப் புளியமரத்தில் எண் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை மரம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கிளை மின்கம்பியை உரசினால் மின்னகம், 94987 94987. எந்தத் துறைன்னே தெரியலையா, முதல்வரின் முகவரி 1100-க்குப் பேசுங்க. மரம் விழுந்து பாதை அடைச்சிட்டா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

போன்ல மூணு போட்டோ எடுத்து வைங்க: முழு மரம், அடிமரம், மேலே போற கம்பி. லொகேஷனும் மர எண்ணும் சேர்த்துக் கொடுத்தா, வர்றவங்க வேற மரத்துகிட்ட போய் நிக்க மாட்டாங்க.

உடனே வெட்டிடுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. அரசு நிலத்து மரத்தை வெட்டுவதற்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு பார்க்க வேண்டும். தாமதம்னு சிலருக்குக் கோபம் வரும். எனக்கு அது சரின்னுதான் படுது. கடையை மறைக்குது, இலை கொட்டுதுன்னு நல்ல மரத்துக்கும் 'ஆபத்து'ன்னு புகார் வரலாம் இல்லையா? பல நேரம் காய்ஞ்ச கிளையைக் கழிச்சு, உச்சிப் பாரத்தைக் குறைச்சாலே மரம் தப்பிச்சிடும். அந்த விசாரணைக்கு நாள் வேணும். அதுக்குத்தான் ஆடி, ஆவணியிலேயே சொல்லுங்கன்னு கேக்குறேன்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா செய்யாதீங்க. கம்பி மேல விழுந்த கிளையை நீங்களே இழுக்காதீங்க. ஈர மரத்தில் மின்சாரம் பாயும். லைன் ஆஃப் பண்ணியாச்சுன்னு மின்வாரிய ஊழியர் சொல்ற வரைக்கும் தள்ளியே நில்லுங்க, மத்தவங்களையும் தள்ளி நிறுத்துங்க.

உங்க தெருவுல சந்தேகமா ஒரு மரம் இருந்தா, போட்டோவை இப்பவே காட்டுங்க, பார்க்கலாம்.