புள்ளியை விட்டால்...



1972இல் இன்டெல் கம்பெனி நம் பினாங்கில், பாயான் லெப்பாசில் தொழிற்சாலை தொடங்கியது. அப்படியொரு இடத்தில் வேலை பார்க்கும் ஆசையில், சில ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் 'போர்ட்ரான்' என்னும் கணிப்பொறி மொழி படித்தேன். ஒரு வரிக்கு ஓர் அட்டை; அட்டைக்கு 80 கட்டங்கள். துளையிட்டு, அடுக்கிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். மறுநாள்தான் விடை.

எனக்கு வந்ததோ 'பிழை' என்று ஒரு தாள். அடுத்த நாளும் அதுவே. தோட்டத்துப் பிள்ளைக்கு இது ஏறாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூன்றாம் நாள், அட்டை அட்டையாக விரல் வைத்துப் பார்த்தேன். ஏழாம் கட்டத்தில் தொடங்கவேண்டிய வரியை ஆறாவதில் தொடங்கியிருந்தேன். ஆறாவதில் எழுத்து இருந்தால், முந்தைய வரியின் தொடர்ச்சி என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதாங்க! குறை என் மூளையில் இல்லை. ஒரு கட்டத்தில் இருந்தது.

பிள்ளைகளே, இது உங்களுக்குப் புதிதா? 'பல்' என்று எழுதும்போது புள்ளியை விட்டால் 'பல' ஆகிவிடும் என்று முதலாம் ஆண்டிலேயே படித்தீர்களே! அதே கவனம்தான் அங்கேயும் வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறன் அவர்கள் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கி, அந்தப் புள்ளி எழுத்தையே கணினியில் ஏற்றிக் காட்டினார்.

பெற்றோர்களே, பிள்ளை தவறான கணக்கோடு வந்தால், "உனக்கு வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "எந்த இடத்துல தப்புன்னு பாரு" என்று சொல்லுங்கள்.