மார்பகப் புற்றுநோய் எப்படிப் பரவுகிறது?
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டொக்டர், ஊசி குத்தினால் பரவிவிடும் எண்டு சொல்லுகினம். அப்பிடியே விட்டால் என்ன?" மார்பில் கட்டியோடு வந்து, இந்தப் பயத்தால் பரிசோதனையை மறுத்துத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து அவர்கள் வரும்போது கட்டி பெருத்து, கமக்கட்டிலும் நெறி கட்டியிருக்கும். ஆகவேதான் இந்நோய் உண்மையில் எப்படிப் பரவுகிறது என்பதை இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

மார்பகத்தின் பாற்கான்களின் உட்புறத்தை மேலணிக் கலங்கள் படலமாக மூடியிருக்கின்றன. எங்கள் ஊர்க் கிடுகு வேலியை நினைத்துப் பாருங்கள். கிடுகுகளை அடுக்கி வைத்தால் மட்டும் அது வேலியாகாது. இழுத்துக் கட்டவும் வேண்டும். கலங்களுக்கு இடையேயும் அப்படிப்பட்ட கட்டுகள் உள்ளன. அவற்றுள் மேல் விளிம்பில் இருப்பதே 'இறுக்கமான சந்தி'. 1963ஆம் ஆண்டில் இதனை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டு விபரித்தவர்கள் மரிலின் ஃபார்குவார் என்ற பெண் விஞ்ஞானியும் ஜோர்ஜ் பலாடேயும் ஆவர். கட்டும் கயிறு எது என்பது பிறகே தெரிந்தது. யப்பானிய ஆய்வாளர் ஷொய்ச்சிரோ சுகித்தாவின் குழுவினர் 1993இல் ஒக்குளூடின் என்ற புரதத்தையும், 1998இல் குளோடின் என்ற புரதங்களையும் கண்டறிந்தார்கள். குளோடின் என்ற பெயர் 'மூடு' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதில் 20க்கு மேற்பட்ட வகைகள் உண்டு.

பாலூட்டிய தாய்மாருக்கு இச்சந்திகளின் வேலை பழக்கமானதுதான். கர்ப்ப காலத்தில் மார்பகத்தில் இவை தளர்வாக இருக்கும். பிள்ளை பிறந்ததும் புரொஜெஸ்தரோன் ஓமோன் குறைய, இவை இறுகிவிடும். அதனால் பால் குருதிக்குள் கசியாது. குருதியின் உப்பும் பாலுக்குள் வராது. மார்பில் அழற்சி ஏற்பட்டால் சந்திகள் மறுபடி தளர்ந்து, பால் சற்று உப்புக் கரிக்கும்.

இனி நோய்க்கு வருவோம். ஆரம்பத்தில் புற்றுநோய்க் கலங்கள் பாற்கானுக்குள்ளேயே பெருகுகின்றன. அவை பரவ வேண்டுமானால் அயற்கலங்களின் பிணைப்பை விட்டு, கானைச் சுற்றியுள்ள அடித்தள மென்சவ்வைத் தாண்டி, நிணநீர்க் கலன்களுக்குள்ளோ குருதிக் கலன்களுக்குள்ளோ புக வேண்டும். பல மார்பகப் புற்றுநோய்களில் குளோடின்-1, குளோடின்-7 ஆகியவை குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குளோடின் 3, 4, 7 ஆகியவை மிகக் குறைந்த ஒரு தனி வகை 2007இல் இனங்காணப்பட்டது. ஆனால் கயிறு அறுந்தால் நோய் ஓடிவிடும் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. சில கட்டிகளில் குளோடின்-4 கூடுதலாகவே இருக்கிறது. குளோடின்-2 புற்றுநோய்க் கலங்கள் ஈரலில் குடியேறத் துணைபோவதை எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. இழுத்துக் கட்டும் அதே கயிறு, தவறான இடத்தில் நோய்க்கு ஏணியாகிவிடுகிறது. ஆகவே இப்புரதங்களை வைத்து நாங்கள் இன்னும் வழமையான சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. ஈஸ்ட்ரஜன் வாங்கி, புரொஜெஸ்தரோன் வாங்கி, ஹேர்-2 ஆகிய மூன்றையுமே இன்று வழமையாகப் பரிசோதிக்கிறோம்.

இவையெல்லாம் எமக்குச் சொல்வது என்ன? கட்டுகள் தளர்வது கலத்துக்குள்ளே நடக்கும் மாற்றத்தால். ஊசி படாத கட்டியிலும் அது நடந்துகொண்டுதான் இருக்கும். ஊசிப் பரிசோதனை செய்ததால் நோயின் முடிவு மோசமாவதில்லை. கட்டி புற்றுநோய்தானா, ஆமெனில் எந்த வகை, எந்த மருந்து அதற்கு உதவும் என்பதை அறிய அந்தச் சிறு துண்டு இழையம் எமக்கு வேண்டும். பரிசோதனையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கு நாம் கொடுக்கும் அவகாசமாகும்.

இலங்கைப் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. நோவில்லாத கட்டி, தோலில் குழி விழுதல், முலைக்காம்பு புதிதாக உள்வாங்குதல், அதிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். நோவில்லை என்பதாலேயே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு குறையும் இல்லாதவர்களும் 35 வயதானதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது "ஊசி குத்தினால் பரவும்" என்று சொன்னால், இந்தப் பாடசாலையில் படித்த நாம் பேசாமல் இருந்துவிடக்கூடாது. தவறென்று பக்குவமாக எடுத்துச் சொல்லுவோம். சொன்னதோடு நின்றுவிடாமல், பயந்திருக்கும் அந்தப் பெண்ணோடு கிளினிக்குக்குக் கூடவே போவோம்.