நிலவறையிற் கேட்ட பாட்டு

(சங்க வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



‘இசையும் வாலிபரும்’ என்று எனக்குப் பொருள் தந்திருக்கிறார்கள். இத்தனை விரிந்த பொருளைப் பேச எனக்கு வயதும் போதாது, தந்த நேரமும் போதாது. ஆகையால் பதினேழு வயதுப் பெண்ணொருத்தியின் கதையை மட்டும் சொல்லப்போகிறேன். அவள் பாடகியல்லள், வாத்தியம் வாசிப்பவளுமல்லள். கேட்டவள்; கேட்டதை மறவாதவள். அவள் கேட்டது றொக் சங்கீதம் என்றவுடன் முன்வரிசையிலே சில முகங்கள் சுருங்குவதைக் காண்கிறேன். சற்றே பொறுத்தருள வேண்டும். காரைதீவுக்கும் வந்து சேர்வேன்.

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் லிவர்பூல் என்றொரு துறைமுகப் பட்டினம். அங்கே மத்தியூ வீதி என்னும் ஒடுங்கிய தெரு. பழங்களை அடுக்கி வைக்கும் பண்டசாலைகள் நிறைந்த தெரு. அவற்றுள் ஒன்றின் அடியிலிருந்த நிலவறையை 1957ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஜாஸ் சங்கீதக் கழகமாகத் திறந்தார்கள். அதன் பெயர் கவேர்ன். குகை என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை. படியிறங்கிப் போனால் செங்கல்லாற் கட்டிய மூன்று வளைவறைகள் பக்கம் பக்கமாக இருக்கும். நடு அறையின் கோடியிலே சின்னஞ்சிறு மேடை. காற்று வந்துபோக வழியில்லை. நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நிற்கும்போது அவர்களின் மூச்சும் வியர்வையும் சுவரிலே நீராய் வழியும். கழிவறைக்கு ஊற்றிய மருந்தின் நெடியும் அழுகிய பழத்தின் நெடியும் உடுப்பிலே பற்றிக்கொண்டு வீடுவரை கூட வருமாம். மதுபானம் அங்கே விற்கப்படவில்லை. தேநீர், சூப், பாண் இவ்வளவுதான். நம் பெரியோர் இதையும் கவனித்தருள வேண்டும்.

1957ஆம் ஆண்டிலேயே ஜோன் லெனன் என்ற வாலிபர் தம் தோழருடன் அந்த மேடையேறினார். ஜாஸ் கேட்க வந்தவர்களுக்கு றொக் பிடிக்கவில்லை. எந்த ஊரிலும் முன்வரிசையில் முகஞ்சுளிப்பவர் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்லிவைக்கிறேன்.

பின்னர் 1961 பெப்ரவரி 9ஆம் திகதி தொடங்கி 1963 ஓகஸ்ட் 3ஆம் திகதி வரை, பீற்றில்ஸ் என்ற பெயரோடு அவருடைய குழு அங்கே 292 முறை பாடியதாகக் கணக்கு. அவற்றிற் பல மதிய உணவு வேளையில் நடந்தவை. கந்தோர்களிலும் கடைகளிலும் வேலை செய்த இளம் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து கேட்டுவிட்டு, மணி பார்த்து ஓடிப்போவார்கள். பிறீடா கெலி அப்படி வந்தவர்களில் ஒருத்தி. ஒரு கம்பனியிலே தட்டெழுத்து வேலை. கூட வேலை செய்தவர்கள் ஒருநாள் மதியம் அழைத்துப் போனார்கள். அதன்பின் அவர் ஏறக்குறைய 190 தடவை அங்கே போனதாகச் சொல்லியிருக்கிறார். (இன்று அவருக்கு எண்பது வயதளவிலாகிறது, ஆகவே இனி மரியாதையாகவே சொல்வேன்.)

கவேர்னுக்குப் போனவர்கள் நினைவுகூர்வதைப் படித்தால் ஒன்று புலப்படும். அவர்கள் இரைச்சலைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. மேடைக்கும் தங்களுக்கும் இடையே தூரமில்லாதிருந்ததையே சொல்கிறார்கள். பாடகர்கள் மேடையில் நின்றபடியே எதையாவது தின்பார்கள். முன்வரிசைப் பெண்களோடு பகிடி விடுவார்கள். விரும்பிய பாட்டைத் துண்டுக் கடுதாசியில் எழுதிக் கொடுத்தால் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். பெரிய மைதானத்திலே பத்தாயிரம் பேரில் ஒருவராய் நின்று கேட்பவனுக்கு இது கிட்டாது. அவன் கேட்பது ஒலிபெருக்கியை, பாடுபவனையல்ல.

1961 நவம்பர் 9ஆம் திகதி மதியம் பிறையன் எப்ஸ்ரீன் என்ற இசைத்தட்டு வியாபாரி அந்தப் படிகளில் இறங்கினார். பின்னர் அவர்தான் குழுவின் முகாமையாளர். 1962இல் பதினேழு வயதுப் பிறீடாவைத் தம் கந்தோரில் வேலைக்கு அமர்த்தினார். ரசிகர் கழகமும் அவர் பொறுப்பாயிற்று. பிள்ளைத்தனமாகத் தம் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டார். குழு புகழடைந்ததும் கடிதங்கள் மூட்டை மூட்டையாய் வந்து குவிந்தன. அவற்றுள்ளே தம் பில்களைத் தேடியெடுக்க முடியாமல் அவர் தகப்பனார் சினந்தாராம். எந்த வீட்டுத் தகப்பன்தான் சினக்கமாட்டார்!

அவர் செய்த வேலையிலே ஒன்று என் மனத்தில் நின்றுவிட்டது. தூரதேசத்துப் பிள்ளைகள் பாடகரின் தலைமயிரில் ஒரு துணுக்கு வேண்டுமென்று எழுதுவார்கள். பைத்தியக்கார ஆசைதான். ஆனாலும் முடி வெட்டும் இடத்திலிருந்து உண்மையான மயிரையே வாங்கி அனுப்புவார். உதவிக்கு வந்த ஒருத்தி வேறெவருடையதையோ அனுப்புகிறாள் என்று தெரிந்தபோது வேலையிலிருந்து நீக்கினார். ஒரு பெண் தலையணை உறையை அனுப்பி, றிங்கோ ஸ்ரார் அதன்மேல் ஒரு நாள் படுத்துறங்க வேண்டுமென்று கேட்டாள். பிறீடா அதை றிங்கோவின் தாயாரிடம் கொடுத்து, அவர் உறங்கியபின் திருப்பி அனுப்பிவைத்தார். தாமும் ரசிகை என்பதால், எழுதியவளை ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை. கோயிற் பிரசாதத்தைக் கொடுப்பவரிடமும் நாம் எதிர்பார்ப்பது இதைத்தானே.

குழு பிரிந்தபின் ரசிகர் கழகமும் 1972இல் மூடப்பட்டது. தம்மிடமிருந்த பொருள்களிற் பெரும்பகுதியை அவர் ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் பெருஞ் செல்வம். பின்னர் வேறு கந்தோர்களில் செயலாளராக உழைத்தார். பத்திரிகைக்குக் கதை விற்கவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, தம் பேரப்பிள்ளை அறியட்டும் என்றே வாய்திறந்தார். அது 2013இல் திரைப்படமாக வந்தது. பல்கலைக்கழக விடுதியிலே, கைத்தொலைபேசியின் சிறிய திரையில் நான் அதைப் பார்த்தேன்.

அவர் பேசாதிருந்தால் நட்டம் என்ன என்று கேட்கலாம். அந்த நிலவறையை 1973இல் மூடினார்கள். நிலத்தடி ரயில் பாதை வேலைக்காக அது மண்மூடிப் போயிற்று. 1984இல் திறந்த இன்றைய கவேர்ன் பழைய செங்கற்களிற் சிலவற்றையும் சேர்த்துப் புதிதாகக் கட்டியது. 292 முறை பாடியவர்களை அங்கே படமும் ஒலியுமாகப் பிடித்தது ஒரே ஒரு நாள்: 1962 ஓகஸ்ட் 22ஆம் திகதி, தொலைக்காட்சிக்காரர் வந்து எடுத்தது. பழைய தாளக்காரரை நீக்கி றிங்கோவைச் சேர்த்த அதே வாரம். நீக்கியது பிடிக்காத ஒருவர் பழையவரின் பெயரைச் சொல்லிக் கத்துவதும் அதிலே கேட்கிறது. மற்ற நாள்கள் எல்லாம் கேட்டவர் நெஞ்சில் மட்டுமே.

இனிக் காரைதீவுக்கு வருகிறேன். 1892இல் அங்கே பிறந்த விபுலாநந்த அடிகளார், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். மிசன் பாடசாலைப் பிள்ளை என்ற முறையில் அவரிடம் எனக்கொரு தனி உரிமை. நம் பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டாயிற்று. அதன் ஒலியைக் கேட்ட காதும் இல்லை, கேட்டதைச் சொல்ல வாயும் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கையிற்கொண்டு, நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணிதத்தால் அளந்து, ஆண்டுக்கணக்காக உழைத்தே அவர் யாழ் நூலை எழுதினார். 1947 ஜூனில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். கேட்டவர் எல்லோரும் போனபின் ஓர் ஒலியை மீட்க, இத்தகைய பேரறிஞர் ஒருவரின் ஆயுள் வேண்டியிருந்தது.

நம் கரையிலும் நெருங்கியிருந்து கேட்கும் அரங்குகள் உண்டு. கூத்தின் வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் சனம் இருக்கும்; அண்ணாவியாரின் மத்தளம் நடுவிலே முழங்கும். நம் முஸ்லிம் அயலவரின் பக்கீர் பைத்தும் அப்படித்தான். றபானின் தோல் அதிர்வது முன்னிருப்பவன் நெஞ்சிலும் அதிரும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது இந்தக் கரையிலே எத்தனை வீடுகளின் படங்களும் ஒலிநாடாக்களும் போயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தாங்கமாட்டாத ஓர் ஆசை உண்டு. அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் இலங்கைத் தமிழில் பொப் இசை பிறந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இவற்றை அறியாத வீடு இல்லை. 1970இல் பதினைந்து வயதாயிருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிற் சிலர் இம்மண்டபத்திலேயே, இப்போது முகஞ்சுளித்த அதே முன்வரிசையிலே இருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஐயா, அம்மா, கூட்டம் முடிந்ததும் தேநீர் தருகிறார்கள். குறிப்புப் புத்தகத்தோடு வாசலடியில் நிற்பேன். முதன்முதல் கிற்றார் ஒலியை எந்த மண்டபத்திலே, எந்த வயதிலே கேட்டீர்கள்? மின்விளக்கா, பெற்றோமக்ஸா? வீட்டிலே சொல்லிவிட்டுப் போனீர்களா, சொல்லாமலா? சொல்லாமற் போனவர்கள் பெயரைப் போடமாட்டேன்.